கோப்புக்கும் தமிழ் தெரியவேண்டும்!

(கல்முனைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

  

இத்தகைய மேடைகளிலே நாம் காணியைப் பற்றிப் பேசியிருக்கிறோம். எல்லையைப் பற்றிப் பேசியிருக்கிறோம். மொழியைப் பற்றித் தொண்டை வற்றப் பேசியிருக்கிறோம். இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு மிகச் சிறியதாகத் தோன்றலாம். நமது அலுவலகக் கணினிகளில் தமிழ் எந்த முறையிலே தட்டச்சுச் செய்யப்படுகிறது என்பதே அப்பொருள். 'இதற்கு ஒரு கூட்டமா?' என்று கேட்கவேண்டாம். இந்தச் சிறு பொருளுக்குள்ளே ஒரு மனிதனின் உத்தியோகமும், ஒரு சட்டத்தின் மானமும், நாம் நெடுங்காலமாய்க் கேட்டுவரும் மொழியுரிமையின் உயிரும் அடங்கியிருக்கின்றன.

சில மாதங்களுக்கு முன்னர் விழிப்புலனற்ற பட்டதாரி இளைஞர் ஒருவர் நமது சட்ட அலுவலகத்துக்கு வந்தார். அரசாங்க அலுவலகமொன்றிலே அவருக்கு நியமனம் கிடைத்திருந்தது. நாற்காலி கொடுத்தார்கள், மேசை கொடுத்தார்கள், மாதந்தோறும் சம்பளமும் கொடுத்தார்கள். வேலை மட்டும் கொடுக்கவில்லை. கேட்டபோது, "பாவம், உம்மால் என்ன செய்ய முடியும்? சம்பளம் வருகிறதுதானே, சும்மா இரும்" என்றார்களாம். "சம்பளம் பிச்சையாக வேண்டாம் சேர், வேலைக்குக் கூலியாக வேண்டும்" என்றார் அந்த இளைஞர். எவ்வாறு வேலை செய்வீர் என்று நாம் கேட்டோம். அவர் தமது மடிக்கணினியைத் திறந்து செய்தே காட்டினார்.

திரைவாசிப்பான் என்றொரு மென்பொருள் இருக்கிறது. கணினித் திரையிலே உள்ள எழுத்தை அது குரலாக்கிச் செவிக்குத் தருகிறது. விழிப்புலனற்றவர் 'மவுஸ்' என்னும் சுட்டியைத் தொடுவதில்லை. எல்லாம் விசைகளாலேயே நடைபெறுகின்றன. விசைப்பலகையிலே 'எஃப்', 'ஜே' என்ற இரு விசைகளின் மேலும் சிறு மேடு இருப்பதை உங்கள் விரல்கள் அறிந்திருக்கும். அவற்றைத் தடவி விரல்களை நிறுத்திக்கொண்டால் மற்ற விசைகள் யாவும் இடம் மாறாமல் அகப்படுகின்றன. 'வேர்ட்' கோப்பிலே அம்புக்குறி விசையை அழுத்த அழுத்த வரி வரியாக வாசித்துச் செல்கிறது. 'எக்செல்' கணக்கிலே ஒவ்வொரு கட்டத்துக்கும் போகும்போது 'சி 7' என்று இடத்தைச் சொல்லி, அதிலுள்ள தொகையையும் சொல்கிறது. அந்த இளைஞர் நம் கண்முன்னே ஓர் ஆங்கிலக் கடிதத்தை எழுதினார், பிழை திருத்தினார், ஒரு செலவுப் பட்டியலைக் கூட்டிக் காட்டினார். நமது எழுதுவினைஞருக்கு அவ்வளவு நேரத்தில் அது முடிந்திருக்குமோ என்பது ஐயமே.

பிறகு நாம், பெருமையோடு, நமது அலுவலகக் கோப்பொன்றைக் கொடுத்தோம். அது மொழியுரிமை பற்றி மேலிடத்துக்கு அனுப்ப நாமே தயாரித்த தமிழ் மனு. இளைஞர் அதைத் திறந்தார். கணினி ஏதோ உளறியது. ஒரு சொல்லிலே நிறுத்தி எழுத்தெழுத்தாக நகர்த்தினார். 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்' என்றது கணினி. அங்கே நாம் தட்டச்சுச் செய்திருந்த சொல் யாது தெரியுமா? 'தமிழ்' என்ற சொல்லே அது!

இளைஞர் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "சேர், கண் தெரியாதவன் நான். தமிழ் தெரியாதது உங்கட கொம்பியூட்டருக்கு!"

நாம் வாயடைத்துப் போனோம். ஏன் இப்படி ஆயிற்று என்பதை உழவர் பெருமக்களுக்கு விளங்கும்படி சொல்லவேண்டும். ஒரு மூட்டையின் வெளியே 'சம்பா' என்று எழுதியிருக்கிறது. உள்ளே கிடப்பதோ வேறு தானியம். வெளியே நின்று பார்ப்பவன் எழுத்தைப் படித்துச் சம்பா என்று நம்பிவிடுகிறான். கையை உள்ளே விட்டுப் பார்ப்பவனுக்கு உண்மை தெரிந்துவிடும். நமது நாட்டு அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பல்லாண்டுகளாக வழங்கும் 'பாமினி' எழுத்துரு இத்தகைய மூட்டைதான். உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து; அதன்மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. கண்ணால் பார்ப்பவர் போர்வையைப் பார்க்கிறார். திரைவாசிப்பானோ மூட்டைக்குள்ளே கையை விடுகிறது. உள்ளதை உள்ளபடி சொல்கிறது.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வகுத்த யூனிகோட் எனப்படும் ஒருங்குறியிலே, 1991ஆம் ஆண்டில் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. 2000ஆம் ஆண்டின் விண்டோஸ் தமிழ் ஒருங்குறியை ஏற்றது. 2008ஆம் ஆண்டில் நமது நாட்டின் கட்டளைகள் நிறுவனமே ஒருங்குறியை அடியொற்றித் தமிழுக்கென 1326ஆம் இலக்கத் தரத்தை வெளியிட்டது. பழைய பாமினிக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இருந்தும், பழகிய விரல்களை மாற்ற நாம் சோம்புகிறோம். நமது சோம்பலுக்கு விலை கொடுப்பவர் அந்த நாற்காலியிலே வேலையின்றி வைக்கப்பட்டிருப்பவர்.

இரண்டாவது பூட்டு ஒன்றும் உண்டு. சுற்றறிக்கையைக் கணினியிலே தட்டச்சுச் செய்கிறார்கள், தாளில் எடுக்கிறார்கள், ஒப்பமிட்டு முத்திரை குத்துகிறார்கள், மீண்டும் அதைப் படமாகப் பிடித்து மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறார்கள். எழுத்தாய்ப் பிறந்தது படமாய் முடிகிறது! படத்திலே திரைவாசிப்பானுக்கு வாசிக்க எழுத்தில்லை. படத்திலிருந்து எழுத்தை மீட்கும் கருவிகள் உண்டென்பது மெய்யே. ஆனால் ஒரு காணி உறுதியிலே, ஒரு மானியப் பட்டியலிலே, ஓர் இலக்கம் பிழைத்தால் யார் பொறுப்பு? ஒப்பமிட்ட படத்தோடு மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? மின்வடிவில் உள்ளது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தின் வலுவை மறுக்கலாகாது என்பதை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் சொல்லியிருக்கிறதே!

'இதற்கெல்லாம் பணம் ஏது?' என்பார் சிலர். முன்னொரு காலத்தில் அக்கேள்வி நியாயமே. 1978ஆம் ஆண்டில் விபத்தொன்றிலே பார்வையிழந்த அமெரிக்கர் டெட் ஹென்டர் உருவாக்கிய 'ஜாஸ்' என்ற திரைவாசிப்பான் 1989ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் விலை நம்மவர் கைக்கு எட்டாதது. ஆனால் 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலே மைக்கேல் கரன் என்ற விழிப்புலனற்ற இளைஞர் 'என்விடிஏ' என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார்; விழிப்புலனற்ற ஜேம்ஸ் டெ என்பவரும் துணை சேர்ந்தார். பார்வையுள்ளவர் திரையைப் பார்க்கத் தனிக்கட்டணம் கொடுப்பதில்லை. நாம் மட்டும் ஏன் கொடுக்கவேண்டும் என்பதே இத்தகைய முயற்சியின் நியாயம். அது இன்று உலகம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. விண்டோஸிலே 'நரேட்டர்' என்ற வாசிப்பான் உடன்பிறந்தே வருகிறது. விண்டோஸ் தரும் தமிழ்க் குரலுக்கு 'வள்ளுவர்' என்றே பெயர் சூட்டியிருக்கிறார்கள்! வள்ளுவர் குரல் வாசிக்கக் காத்திருக்கிறது. நாம் கொடுப்பதோ ஜே, கே, பி, ஓ!

ஒன்றை ஒளிவின்றிச் சொல்லவேண்டும். திரைவாசிப்பான் மந்திரக்கோல் அன்று. அதன் குரல் இயந்திரக் குரல். பெயர்ச்சொற்களைச் சில வேளை தவறாக உச்சரிக்கும். பல மாதப் பயிற்சியின்றி அதனோடு விரைந்து வேலை செய்ய இயலாது. ஆகவே மென்பொருளை நிறுவிவிட்டோம், கடமை முடிந்தது என்று எந்த அலுவலகமும் சொல்லிவிட முடியாது. பயிற்சி வேண்டும், உடன் பணிபுரிவோரின் ஒத்துழைப்பும் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரச சேவையிலே நூற்றுக்கு 3 வீதத்தை அங்கவீனமுற்றோருக்கு ஒதுக்கியது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலைக்குச் சேர்ப்பதிலும் கல்விக்கூடங்களில் அனுமதிப்பதிலும் அங்கவீனத்தைக் காரணங்காட்டிப் பாரபட்சம் செய்யலாகாது என்கிறது. மீறப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம் என்றும் வழி காட்டுகிறது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை அவர்களுக்கெனச் சிறப்பேற்பாடு செய்ய இடமளிக்கிறது. 2016ஆம் ஆண்டில் இலங்கை ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை உறுதிப்படுத்தி, வேலைத்தலத்தில் நியாயமான வசதி செய்து கொடுப்போம் என்று உலகத்துக்கு வாக்களித்தது. நியமனக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாசிக்கவியலாத கோப்பை மேசையிலே வைப்பது, வயலைப் பகிர்ந்து கொடுத்துவிட்டு வாய்க்காலை மறித்துக் கட்டுவதற்கு ஒப்பாகும். உறுதி கையில் இருக்கும், விளைச்சல் இராது.

விழிப்புலனற்றவரால் இயலுமோ என்று ஐயுறுவோர் உலகைப் பார்க்கட்டும். டர்பனிலே பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்த ஸக் யாக்கூப் வழக்கறிஞரானார். 1998 முதல் 2013 வரை தென்னாபிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றத்தின் நீதியரசராக இருந்தார். சென்னையைச் சேர்ந்த பெனோ செபைன், முழுமையாகப் பார்வையற்றவருள் முதல்வராக, 2015ஆம் ஆண்டில் இந்திய வெளிநாட்டுச் சேவையிலே நுழைந்தார். அவர் படித்தது திரைவாசிப்பானின் துணையோடுதான். நமது மார்க்க வரலாற்றிலேயே சான்று இல்லையா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அறிவு நாடி வந்த அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரலி) பார்வையற்றவர். அவரை முன்னிட்டே அபஸ அத்தியாயத்தின் தொடக்கம் அருளப்பட்டது. அவரே மதீனாவின் முஅத்தினாக இருந்தார். நபிகளார் வெளியே சென்ற காலங்களில் மதீனாவின் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டதுண்டு. அனுதாபத்துக்கு நாற்காலி கொடுத்துச் சும்மா இருத்தவில்லை, பொறுப்பைக் கொடுத்தார்கள்!

இப்போது நமது அரசியலுக்கு வருவோம். 1956ஆம் ஆண்டில் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. அதற்கு முன் நடந்த அவ்வாண்டுத் தேர்தலிலே கல்முனையும் பொத்துவிலும் சமஷ்டிக் கட்சியின் வேட்பாளர்களைத் தெரிவுசெய்து, 'தமிழ் பேசும் மக்கள்' என்ற சொல்லுக்கு உயிர் கொடுத்தன. தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியிலே கோப்பு வந்தபோது, திறமையுள்ள உத்தியோகத்தர் திறமையற்றவராகக் காட்டப்பட்டார். அந்த அநீதியின் வலி நம் பெற்றோருக்குத் தெரியும். பின்னர் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அந்த ஆட்சிமொழியிலே நம் கையாலேயே நாம் தயாரிக்கும் கோப்பு, நம் சகோதரன் ஒருவனால் வாசிக்க இயலாததாய் இருக்குமானால், அன்று நமக்கு இழைக்கப்பட்டதை இன்று நாம் அவனுக்கு இழைக்கிறோம் அல்லவா? கல்முனையிலே செயலக எல்லை எங்கே என்று இரு சாராரும் வாதாடுகிறோம். வாதாடும் இரு சாராரின் மனுக்களும் ஒரே பாமினியில்தான் தட்டச்சாகின்றன!

உழவர் பெருமக்களே, இது படித்தவர் விவகாரம் என்று எண்ணவேண்டாம். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிலே, நாட்டில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பார்ப்பதில் ஏதோவோர் அளவு இடர்ப்படுவோராகக் கணிக்கப்பட்டனர். சர்க்கரை வியாதியும் கண்புரையும் நம் வீடுகளிலே இல்லையா? நாளை உங்கள் பார்வை மங்கும்போது, கையிலுள்ள தொலைபேசியே கமநல சேவை நிலையத்தின் அறிவித்தலை வாசித்துச் சொல்லும். அந்த அறிவித்தல் படமாக இல்லாமல் எழுத்தாக வந்தால்!

ஆகவே நாம் கேட்பவை மூன்று. தமிழ் பேசும் பிரதேசங்களின் அலுவலகங்களிலே இனி எழுதப்படும் தமிழ்க் கோப்பு யாவும் ஒருங்குறியில் இருக்கவேண்டும். ஒப்பமிட்ட படம் அனுப்பப்படும்போது எழுத்துக் கோப்பும் உடன் அனுப்பப்படவேண்டும். விழிப்புலனற்ற உத்தியோகத்தர் உள்ள இடமெல்லாம் திரைவாசிப்பானும் அதற்கான பயிற்சியும், அவற்றோடு அவருக்குரிய வேலையும் கொடுக்கப்படவேண்டும். கேட்பதற்கு முன் நாம் திருந்தவேண்டும் என்பதால் நமது சட்ட அலுவலகத்திலே பாமினியை நிறுத்திவிட்டோம். நமது இயக்கத்தின் துண்டுப்பிரசுரங்களும் இனி ஒருங்குறியிலேயே தயாராகும். வேலை மறுக்கப்பட்டோருக்காகக் கட்டணமின்றி வாதாட நாம் ஆயத்தமாயிருக்கிறோம். வழக்கறிஞத் தோழர்களையும் அழைக்கிறோம்.

அந்த இளைஞருக்காக அவரது அலுவலகத்துக்கு நாம் கடிதம் எழுதினோம். பதில் வந்தது: 'தங்கள் முறைப்பாடு கவனத்திற் கொள்ளப்படும்' என்று. அந்தப் பதிலும் படமாகவே வந்தது. அவரைப் பற்றிய கடிதத்தை அவருக்கு நாமே வாசித்துக் காட்டவேண்டியதாயிற்று.

அடுத்த கடிதத்தை அவரே வாசிக்கவேண்டும். அதுவரை நாம் ஓயப்போவதில்லை.