கைநாட்டுன்னு நினைச்சு பயப்படாதீங்க

விசாவுக்குக் கைரேகை கொடுக்கப் போற நம்ம அம்மா, அப்பாக்களைப் பத்தின எபிசோட் இது. நிறைய பேர் கேட்டிருந்தீங்க, அதனால தனியாவே பேசிடலாம்.

நிலைமை என்னன்னா, பிள்ளைங்க கனடாவுல இருப்பாங்க. ஆன்லைன்ல ஃபார்ம் நிரப்புறது, ஃபீஸ் கட்டுறது, பேங்க் ஸ்டேட்மென்ட் அப்லோட் பண்றது எல்லாம் அவங்களே முடிச்சிடுவாங்க. ஒரே ஒரு வேலையை மட்டும் நமக்காக வேற யாரும் செய்ய முடியாது. பத்து விரலையும் தூக்கிட்டு நேர்ல போகணும்.

தருமபுரி மாதிரி மாவட்டத்துல இதுல ரெண்டு சிக்கல் இருக்கு. ஒண்ணு மனசுல, இன்னொண்ணு விரல்ல.

மனசுல இருக்குற சிக்கலோட பேரு 'கைநாட்டு'. நம்ம ஊர்ல அது திட்டுற வார்த்தை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டோட எழுத்தறிவு சுமார் 80 சதவீதம். தருமபுரி மாவட்டத்துல 68.5 சதவீதம்தான், மாநிலத்துலயே கடைசி இடம். இங்க நிறைய அம்மாக்கள் கல்யாணத்துக்கு அப்புறம், 90கள்ல அறிவொளி இயக்கம் வந்தப்பதான் பேரெழுதக் கத்துக்கிட்டாங்க. பத்திரத்துலயும் பேங்க்லயும் கட்டை விரலை மையில தொடாம கையெழுத்து போட்டது அவங்களுக்குப் பெரிய விஷயம்.

எங்க பெரியம்மா பாலக்கோடு பக்கம். அக்காவுக்குப் பிரசவம், கூட இருக்கணும்னு விசிட்டர் விசாவுக்கு அப்ளை பண்ணோம். கைரேகை கொடுக்கணும்னு சொன்னதும் அவங்க முகமே மாறிடுச்சு. "ஏங்கண்ணு, எனக்குக் கையெழுத்து போடத் தெரியும்னு அவங்ககிட்ட சொல்லலையா?"ன்னு கேட்டாங்க.

நான் சொன்னது இதுதான்: "பெரியம்மா, அங்க டாக்டர் வந்தாலும், கலெக்டர் வீட்டுப் பொண்ணு வந்தாலும் பத்து விரலும் வைக்கணும். படிச்சவங்க, படிக்காதவங்கன்னு பிரிக்கிற இடம் இல்ல அது. இந்த பாஸ்போர்ட்டை வச்சிருக்கிறது நீங்கதான்னு உறுதிப்படுத்துறது, அவ்வளவுதான்." அதுக்கப்புறம்தான் கிளம்பச் சம்மதிச்சாங்க.

இந்தக் கூச்சத்தை லேசா எடுத்துக்காதீங்க மக்களே. குடியேற்றத்துக்குக் கைரேகைங்கிறதுக்கும் இந்தியர்களுக்கும் நூறு வருஷத்துக்கு மேலான கதை இருக்கு. கைரேகையை வகைப்படுத்துற முறையை கல்கத்தாவுல உருவாக்கினவங்க அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ். பேரு மட்டும் அவங்க மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போச்சு. 1900ல ஹென்றி தென்னாப்பிரிக்கா போய் அங்க போலீஸை ஒழுங்குபடுத்தினார். 1906ல டிரான்ஸ்வால் அரசு, எட்டு வயசுக்கு மேல இருக்குற ஒவ்வொரு இந்தியரும் பதிவு செஞ்சு கைரேகை கொடுக்கணும்னு அவசரச் சட்டம் கொண்டுவந்துச்சு. காந்தி சத்தியாகிரகம் ஆரம்பிச்சது அதை எதிர்த்துத்தான். தம்பி நாயுடு மாதிரி தமிழர்கள் அதுல திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனாங்க. 1908 ஆகஸ்ட் 16ம் தேதி ஜோஹன்னஸ்பர்க்ல பதிவுச் சான்றிதழ்களைக் குவிச்சுப் போட்டு எரிச்சாங்க.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு. அந்த 1908லயே, தொடக்கத்துல ஒரு சமரசம் வந்தப்போ காந்தி தானா முன்வந்து ரேகை கொடுத்தார். அவருக்குப் பிரச்சினை விரல் வைக்கிறது இல்ல. ஒரு கூட்டத்தையே குற்றவாளி மாதிரி நிறுத்தி, கட்டாயப்படுத்தி வாங்குறதுதான். எதுக்குன்னு புரிஞ்சு கொடுக்கிறதும், 'வை'ன்னு கையைப் பிடிச்சு வைக்கிறதும் வேற வேற. நம்ம வீட்டு ஆளுக்கு அந்த முதல் வகையை நாமதான் உறுதி பண்ணணும்.

இப்போ விரலுக்கு வருவோம். ஸ்கேனர் உங்க ரேகையைப் படம் பிடிச்சு, கோடு எங்க முடியுது, எங்க ரெண்டா பிரியுதுன்னு புள்ளி புள்ளியா குறிச்சுக்கும். கோடு தேஞ்சிருந்தா புள்ளி கிடைக்காது. நம்ம பக்கம் மாசி, பங்குனியில புளி தட்டுவாங்க, ஓடு உடைச்சு கொட்டை எடுப்பாங்க. வருஷம் பூரா தக்காளி பறிப்பு, களை எடுப்பு. கட்டட வேலைக்குப் போறவங்களுக்கு சிமென்ட். இதோட வயசும் சேர்ந்தா தோல் காய்ஞ்சு ரேகை மங்கிடும். ரேஷன் கடை மெஷின்ல நாலு தடவை விரல் வச்சும் எடுக்காத அம்மாவை நீங்க பார்த்திருப்பீங்க. உழைச்ச கையை மெஷினுக்குப் படிக்கத் தெரியல. அதுல அவங்க வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

நல்ல செய்தி என்னன்னா, ரேகையோட அச்சு தோலுக்கு உள்ள இருக்கு. மேல தேஞ்சது, கைக்கு ஓய்வு கொடுத்தா சில வாரத்துல பெரும்பாலும் திரும்ப வந்துடும். அதனால ஃபார்ம் நிரப்ப ஆரம்பிக்கும்போதே கைக்கும் ஓய்வு கொடுங்க. பாத்திரம், துணி, புளி எல்லாம் கொஞ்ச நாள் வேற ஆள் பார்த்துக்கட்டும். தினம் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவட்டும். போற அன்னைக்கு மட்டும் வேண்டாம், வழுக்கும். மருதாணியும் வேண்டாம். விரல் நுனியில வெட்டுக்காயம் இருந்தா ஆறின பிறகு போங்க.

கனடாவுக்கான கணக்கு இது. பயோமெட்ரிக் ஃபீஸ் ஒருத்தருக்கு 85 கனடா டாலர். ஃபீஸ் கட்டின பிறகு ஒரு கடிதம் வரும், அதுல இருந்து 30 நாளுக்குள்ள கொடுக்கணும். அந்தக் கடிதத்தோட பிரின்ட், பாஸ்போர்ட், அப்பாயின்ட்மென்ட் தாள், மூணும் கையில இருக்கட்டும். பொதுவா 14ல இருந்து 79 வயசு வரைக்கும் இது கட்டாயம். தருமபுரியில இருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர், பெங்களூரு சுமார் 130 தான். ரெண்டு ஊர்லயும் மையம் இருக்கு. வயசானவங்களை ராத்திரி பஸ்ல சென்னைக்குக் கூட்டிட்டுப் போகணும்னு அவசியம் இல்ல.

உள்ள நடக்கிறதையும் முன்னாடியே சொல்லிடுங்க: வலது கை நாலு விரல், இடது கை நாலு விரல், அப்புறம் ரெண்டு கட்டை விரல், ஒரு போட்டோ. அங்க இருக்குறவங்க விசா கொடுக்கிறவங்களும் இல்ல, மறுக்கிறவங்களும் இல்ல. ஒரு தடவை எடுக்கலைன்னா திரும்ப எடுப்பாங்க. வீட்டுலயே மேஜை மேல கையை வச்சு, மெதுவா அழுத்தி ரெண்டு தடவை பழகிக்கிட்டாப் போதும். பெரியம்மாவுக்கு ரெண்டு விரல் மூணாவது தடவைதான் பதிஞ்சது. அதுக்கு அவங்க கலங்கல, ஏன்னா இப்படி நடக்கலாம்னு தெரிஞ்சுதான் போனாங்க.

ஆக, டாக்குமென்ட் செக்லிஸ்ட்ல இன்னொரு வரி சேர்த்துக்கோங்க: 'அம்மாகிட்ட அஞ்சு நிமிஷம் பேசணும்.' எதுக்கு, எப்படி, யாரெல்லாம் கொடுக்கிறாங்கன்னு சொல்லுங்க. வெளிநாட்டுல இருக்குறவங்க வீடியோ கால்லயே சொல்லலாம்.