கடைசித் தட்டு யாருடையது?

(அட்டனில் பெண் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"வாசிப்பும் உணவும்" என்பது எனக்களிக்கப்பட்ட தலைப்பு. ஏட்டுக்கும் அடுப்புக்கும் என்ன உறவு என்று சிலர் நகைக்கக்கூடும். உறவு உண்டு. யார் சமைக்கிறார், யார் முதலில் உண்கிறார், யார் மிஞ்சியதை உண்கிறார் என்பதும் எழுதப்படாத ஓர் ஏடுதான். அதைப் படிக்கக் கற்றவள் விடுதலையின் அரிச்சுவடியைக் கற்றவளாவாள்.

நான் புலாலோடு பால், தயிர், நெய், முட்டை ஆகியவற்றையும் விலக்கியவள். 1944 இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் முதலியோர் இக்கொள்கைக்கு 'வீகன்' என்று பெயரிட்டனர். தமிழில் இன்று 'நனிசைவம்' என்கின்றனர். அமெரிக்கப் பெண்ணியவாதி கரோல் ஆடம்ஸ், இறைச்சி உண்பதற்கும் ஆணாதிக்கத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்து 1990 இல் ஒரு நூல் வெளியிட்டார். உயிரோடிருந்த விலங்கு இறைச்சி என்ற பெயர் பெற்றதும் நம் நினைவிலிருந்து மறைந்துவிடுகிறது. பெண்ணும் அவ்வாறே விளம்பரப் படமாக்கப்பட்டதும் மறைந்துவிடுகிறாள் என்பது அவர் வாதம்.

அந்த வாதத்தோடு நம் மலைகளைப் பாருங்கள். தேயிலைப் பொட்டலங்களின் மேல் நெற்றியில் பொட்டும் முதுகில் கூடையுமாக ஒருத்தி சிரிக்கிறாள். அட்டை கடித்த அவள் கால் அங்கே தெரிகிறதா? பெரட்டுக்கு ஓடுமுன் ரொட்டி சுட்ட அடுப்பு தெரிகிறதா? மழையில் நனைந்த கொழுந்தென்று நிறுவையில் கழித்த கணக்கு தெரிகிறதா? 1984 வரை ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் அவளுக்குக் கிடைக்கவில்லை என்ற வரலாறு தெரிகிறதா? படம் இருக்கிறது; பெண் இல்லை!

மறைந்தவளை மக்கள் முன் நிறுத்திய ஒருவரை இவ்வூர் மறக்கலாகாது. 1931 இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்தபோது, அவருக்குத் துணைநின்றவர் மீனாட்சியம்மாள். அவர் பாட்டெழுதினார்; கூட்டங்களிலே பாடினார்; 1940 இல் அப்பாட்டுகளை நூலாக்கினார். எழுத்தறியாதார்க்குச் செவிவழி வாசிப்பளித்த வீராங்கனை அவர். பின்னர் சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டினார்.

காமன் கூத்தையும் எண்ணிப் பாருங்கள். கணவனை இழந்த ரதியின் புலம்பலைக் கேட்டு லயன் முழுதும் கண்கலங்கும். ஆனால், வழிவழியாக ரதி வேடம் பூண்டவர் ஆடவரே! பெண்ணின் துயரம் களமேறிற்று, பெண் களமேறவில்லை. கலையை ரசிப்போம். ரசித்துக்கொண்டே, யார் இங்கில்லை என்றும் கேட்போம். அதுவே வாசிப்பு.

அடுப்படிக்கு வருவோம். திருவிழாவிலே கிடா வெட்டுகிறார்கள். நல்ல துண்டு யார் இலைக்குப் போகிறது? சட்டியின் அடியிலுள்ள குழம்பு யாருக்கு மிஞ்சுகிறது? மலையேறிக் கொழுந்து பறித்தவள், மாலையில் விறகு சுமந்தவள், பிள்ளைக்குப் பாலூட்டியவள் கடைசியில் உண்கிறாள். இவ்வழக்கத்துக்குப் பண்பாடு என்று பெயர் சூட்டுகிறோம்!

"பசித்தவளிடம் வந்து பாலை விடு, முட்டையை விடு என்கிறாயே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016 ஆம் ஆண்டின் நாடளாவிய சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் 17 விழுக்காட்டினர். தோட்டப்புறத்திலோ 32 விழுக்காட்டினர். இக்குழந்தையின் கையிலுள்ள முட்டையைப் பறிப்பதற்கு என் கொள்கை இடந்தராது. இல்லாமையால் சாயத்தண்ணீர் குடிப்பது வேறு. கன்றுக்குரிய பால் என்று எண்ணி விலக்குவது வேறு. முன்னது வறுமை, பின்னது விருப்பம். வறுமைக்கு அறம் என்று பெயரிடுவது வஞ்சகம்.

இன்னொன்றும் சொல்வேன். மாட்டிறைச்சி உண்பவரை இழிந்தவரென்று ஒதுக்கும் சாதிச் சைவம் எனக்குப் பகை. ஆட்டுக்கு இரங்கி மனிதனைத் தள்ளிவைப்பவன் நெஞ்சில் இரக்கம் ஏது? ஆதிக்கத்தை எதிர்ப்பதாலேயே நான் உயிர்க்கொலையை எதிர்க்கிறேன். அதே காரணத்தால் சாதியையும் எதிர்க்கிறேன்.

விருப்பத்தோடு உண்பதற்கு என்ன வேண்டும்? காணி வேண்டும், கூலி வேண்டும், ஓய்வு வேண்டும். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் நம் மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்கள் நம்மைத் தலையெண்ணிப் பங்கிட்டனர். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோர்க்குக் குடியுரிமைக்கு வழி திறந்தது. வாக்குச்சீட்டு வந்தது, பெரும்பாலோர்க்குக் காணி இன்னும் வரவில்லை. லயனோரத்தில் முருங்கை நட்டாலும், கௌபியும் பயறும் விதைத்தாலும் அந்த மண் நமக்குரியதன்று. சத்துள்ள மரக்கறி உணவைப் போதிப்பவர் காணியுரிமையைப் பேசாவிட்டால் அவர் போதனை அரைப் போதனையே.

ஆகவே இரண்டு வேண்டுகோள். வாரம் ஒரு மாலை கூடி வாசியுங்கள். வாசிக்கத் தெரிந்தவள் தெரியாதவளுக்குப் படித்துக் காட்டட்டும். இன்றிரவே கணவனும் மகனும் அடுப்படியில் பங்கேற்கட்டும். எல்லோரும் ஒன்றாய் அமர்ந்து, உள்ளதைச் சமமாகப் பகிர்ந்துண்ணுங்கள். சட்டமன்றம் தர மறுக்கும் நீதியைப் போராடிப் பெறவேண்டும். அடுக்களை தர மறுக்கும் நீதியை இன்றைக்கே பெறலாம்.

தாய்மார்களே, கடைசித் தட்டு என்று ஒன்று இனி நம் வீட்டில் இருக்கலாகாது!