எடை குறைந்த டூரிங் பைண்டிங்: உடையுமா என்பது பாதிக் கேள்விதான்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

டூரிங் ஸ்கீ பத்திப் பேச ஆரம்பிச்சதிலிருந்து உங்ககிட்டருந்து அதிகமா வர்ற கேள்வி ஒண்ணுதான். "ஒரு பைண்டிங் 150 கிராம்தான் இருக்கு. கையில எடுத்தா பொம்மை மாதிரி இருக்கு. இதை நம்பி மலை ஏறலாமா? உடைஞ்சு போகாதா?" இன்னிக்கு முழுக்க இதைப் பத்தித்தான்.

புதுசா கேட்கிறவங்களுக்காக ரெண்டு வரி. டூரிங்னா லிஃப்ட் கிடையாது. ஸ்கீயோட அடியில ஸ்கின் ஒட்டிக்கிட்டு, குதிகால் மேலே எழும்புற மாதிரி விட்டுட்டு, நடந்தே ஏறணும். உச்சியில ஸ்கின்னை உரிச்சு, குதிகாலைப் பூட்டி, சறுக்கி இறங்கணும். ஆக, பூட்டையும் ஸ்கீயையும் இணைக்கிற அந்தப் பைண்டிங் ஏறும்போது விட்டுக்கொடுக்கணும், இறங்கும்போது கெட்டியா பிடிக்கணும். நீங்க விழுந்தா, காலெலும்பு முறியறதுக்கு முன்னாடி பூட்டை விட்டுடணும். மூணும் ஒண்ணுக்கொண்ணு முரணான வேலை.

இந்த வேலையை 1980களில் புது மாதிரி யோசிச்சவர் ஆஸ்திரியாவில் டிரோல் பகுதியைச் சேர்ந்த ஃப்ரிட்ஸ் பார்த்தெல் என்கிற பொறியாளர். மோன் பிளாங்க் மலையில கனமான சாமான்களோட ஏறி அலுத்துப் போனதுதான் ஆரம்பம். சோம்பேறித்தனம்தான் இதைக் கண்டுபிடிக்க வெச்சதுன்னு அவரே வேடிக்கையா சொல்வார். அதுவரைக்கும் இருந்த டூரிங் பைண்டிங்ல பூட்டைத் தாங்க ஒரு தகடோ சட்டமோ இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் அதையும் சேர்த்துத் தூக்கணும். பார்த்தெல் கேட்டது எளிமையான கேள்வி: பூட்டோட அடிப்பாகமே விறைப்பாத்தானே இருக்கு, அதையே சட்டமா வெச்சுக்கிட்டா என்ன? பூட்டோட முன்நுனியில ரெண்டு பக்கமும் உலோகக் குழிகள், அதுல வந்து கவ்வுற ரெண்டு பின். குதிகால்ல ஒரு உலோகத் தகடு, அதுக்குள்ள போய் உட்காருற ரெண்டு பின். அவ்வளவுதான். டைனாஃபிட் நிறுவனம் இதை எடுத்து வித்தது. 2000களின் பின்பாதியில காப்புரிமைக் காலம் முடிஞ்சதும் மத்த கம்பெனிகளும் இறங்கினாங்க. இன்னிக்கு "பின் பைண்டிங்"னு நாம சொல்றது எல்லாமே அந்த வம்சம்தான்.

எடைக்கு ஏன் இவ்வளவு அலையறாங்கன்னு ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பாருங்க. 1000 மீட்டர் உயரம் ஏற, சாதாரண சரிவில் கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் நடக்கணும். ஒரு காலுக்கு 3500 அடின்னு வெச்சுக்கலாம். பைண்டிங்ல 500 கிராம் குறைஞ்சா, ஒரு காலுக்கு மட்டும் மொத்தமா ஒன்றே முக்கால் டன். ஸ்கீயை முழுசா தூக்கறதில்லை, இழுத்துக்கிட்டுத்தான் போறோம், அதனால உண்மையான மிச்சம் இதைவிடக் குறைவு. இருந்தாலும் சாயங்காலம் தொடை சொல்லிடும்.

சரி, உடையுமா? உடையும். குதிகால் பகுதியோட பிளாஸ்டிக் கூடு விரிசல் விடலாம், பிரேக் வளையலாம், ஸ்பிரிங் போகலாம். விற்ற மாடலைக் கம்பெனியே திரும்பப் பெற்றுக்கிட்டதும் இந்தத் துறையில நடந்திருக்கு. அதனால என் கொள்கை ஒண்ணு: எந்த மாடலா இருந்தாலும் முதல் சீசன்ல வாங்கறதில்லை. ரெண்டு குளிர்காலம் மத்தவங்க காலில் ஓடட்டும்.

ஆனா ஒண்ணு கவனிக்கணும். லேசான பைண்டிங்னாலே அதிகமா உடையும்னு இல்லை. உதிரி பாகம் குறைவா இருக்கிற எளிய பைண்டிங், பல நெம்புகோலும் பிரேக்கும் இருக்கிற கனமானதைவிட நீண்ட நாள் உழைக்கிறது சகஜம். இல்லாத பாகம் உடையாது. நான் பயப்படறது வேற இடத்துல. எடையைக் குறைக்க எதையோ எடுத்திருக்காங்க, இல்லையா? அது ஒரு வேலை செஞ்சுக்கிட்டு இருந்தது. அந்த வேலை இப்போ உங்க தலையில.

என்னென்ன எடுத்தாங்கன்னு பார்ப்போம். முதல்ல மீள்தன்மை. ரிசார்ட்ல போடுற கனமான ஆல்பைன் பைண்டிங்ல, ஒரு மேடு தட்டினா பூட்டோட முன்பகுதி பக்கவாட்டுல கொஞ்சம் நகரும், அப்புறம் ஸ்பிரிங் அதை நடுவுக்கு இழுத்துடும். அதிர்ச்சியை அது விழுங்கிக்கும். பின் பைண்டிங்ல இந்த நகர்வுக்கு இடம் ரொம்பக் கம்மி. அதனால கெட்டிப்பட்ட பனியில வேகமா போகும்போது, நீங்க விழாமலே பூட் கழண்டு வர வாய்ப்பு அதிகம்.

இங்கதான் பெரிய குழப்பம் வருது. கழண்டு வந்ததும் எல்லாரும் என்ன பண்றாங்க? ஸ்க்ரூடிரைவர் எடுத்து, குதிகால் பகுதியில இருக்கிற விடுபடும் அளவை ஆறிலிருந்து எட்டு, எட்டிலிருந்து பத்துன்னு ஏத்தறாங்க. வழக்கமான பின் பைண்டிங்ல பக்கவாட்டு விடுதலை குதிகால் பகுதி சுழல்றதாலதான் நடக்குது. அந்த எண் குதிகாலுக்கு மட்டும்தான். முன்னாடி கவ்வுற ரெண்டு இறக்கையோட பிடிப்பை அது மாத்தவே மாத்தாது. அந்த இறக்கையைப் பிடிச்சிருக்கிற ஸ்பிரிங்கோட பலம் தொழிற்சாலையில வெச்சதுதான். ஆக, முன்பக்கம் அடிபட்டுக் கழண்டதுக்குப் பின்பக்கத்தை இறுக்கறீங்க. முன்பக்கம் பழையபடியே கழலும். ஆனா நிஜமாவே விழுந்து கால் முறுக்கிக்கும்போது பின்பக்கம் விடாது. ரெண்டு பக்கமும் நஷ்டம்.

அந்த எண்ணைப் பத்தியும் ஒரு வார்த்தை. டூரிங் பைண்டிங்குக்கு ஐஎஸ்ஓ 13992 என்கிற தரநிலை இருக்கு. சில மாடல்கள் அதன்படி சோதனை செஞ்சு சான்று வாங்கியிருக்கும். ரொம்ப லேசான மாடல்கள் பலதுக்கு அது கிடையாது. ரெண்டுலயும் "8"னு எழுதியிருக்கலாம், ஆனா ஒரே எட்டுன்னு நினைக்கக் கூடாது. பந்தயத்துக்குச் செஞ்ச சிலதுல முன்னோக்கி விடுபடுறதுக்கு அளவு மாத்தற வசதியே இல்லை. உள்ளே ஒரு U வடிவ ஸ்பிரிங், அதோட பலம்தான் அளவு. வாங்கும்போது உங்க எடைக்குத் தகுந்த ஸ்பிரிங் கேட்டு வாங்கணும்.

அடுத்தது ரொம்ப முக்கியமானது, பூட்டிட்டு சறுக்கறது. முன்பகுதி நெம்புகோலை மேலே இழுத்தா நடக்கிற நிலை வரும். அப்போ இறக்கை திறக்காது, பூட் கழலாது. ஏறும்போது அது வேணும். ஆனா "இறங்கும்போதும் இழுத்து விட்டுட்டா கழலவே கழலாதே"ன்னு பலர் அப்படியே சறுக்கறாங்க. செங்குத்தான குறுகிய சரிவுல, கழண்டா உயிருக்கே ஆபத்துங்கிற இடத்துல, தெரிஞ்சே அப்படிச் செய்யறவங்க இருக்காங்க. அது அவங்க கணக்கு. வழக்கமா அப்படிச் செய்யறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். முழங்கால் கீழே முறுக்கும்போது விட்டுக்கொடுக்க எதுவும் இருக்காது. பனிச்சரிவுல மாட்டினா, காலில் மாட்டின ஸ்கீ நங்கூரம் மாதிரி உங்களை உள்ளே இழுக்கும். பூட்டாம சறுக்கினா அடிக்கடி கழலுதுன்னா, கழல்றதுக்குக் காரணத்தைத் தேடணும்.

காரணம் என்ன? என் அனுபவத்துல, பெரும்பாலும் பைண்டிங் குற்றவாளியே இல்லை. பனிக்கட்டிதான். முன்பக்க இறக்கைக்கு அடியில ஸ்பிரிங் இருக்கிற இடத்துல பனி இறுகி உட்கார்ந்துடும். இறக்கை மூடின மாதிரி தெரியும், முழுசா மூடியிருக்காது. பூட்டோட குழிக்குள்ளயும் அப்படித்தான். கம்பத்து நுனியாலயோ சின்னக் கம்பியாலயோ ஒவ்வொரு தடவையும் குடைஞ்சு எடுங்க. முன்பகுதியை மட்டும் மாட்டிக்கிட்டு, குதிகாலைத் தூக்கித் தூக்கி நாலஞ்சு தடவை ஆட்டுங்க. குழிக்குள்ள இருக்கிற அழுக்கைப் பின்னே தள்ளிடும். நெம்புகோலைப் பூட்டும்போது வழக்கமா எத்தனை "டிக்" கேட்கும்னு வீட்டிலேயே எண்ணி வெச்சுக்கோங்க. மலையில ஒண்ணு குறைஞ்சாலும், கழட்டிச் சுத்தம் பண்ணிட்டு மறுபடி மாட்டுங்க. பத்து விநாடி வேலை. குளிர்ல, கூட வந்தவங்க கிளம்பிட்டாங்களேங்கிற அவசரத்துல, இந்தப் பத்து விநாடிதான் முதல்ல காணாமப் போகும்.

ரெண்டாவது, பூட். உலோகக் குழி தேயும். தேய்ஞ்ச பூட்டோட எந்த நல்ல பைண்டிங்கும் ஒழுங்கா வேலை செய்யாது. எல்லா பூட்லயும் குழியோட அளவு கச்சிதமா ஒண்ணா இருக்கும்னும் நம்பாதீங்க. புது பூட், புது பைண்டிங் வாங்கினா கடையிலேயே ரெண்டையும் மாட்டி, பக்கவாட்டுல விடுதான்னு பாருங்க. மூணாவது, குதிகால் இடைவெளி. சில மாடல்ல பூட்டுக்கும் பைண்டிங்குக்கும் நடுவுல 4 மில்லிமீட்டர் இருக்கணும், சிலதுல ஒட்டியே இருக்கணும். ஸ்கீ வளையும்போது பூட் பின்னால நகர இடம் வேணும் என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. நண்பரோட பூட்டை ஒருநாள் கடன் வாங்கிப் போட்டா இது மாறிடும்.

நாலாவது, திருகு. ஸ்கீ பைண்டிங் திருகு பெரும்பாலும் போஸிடிரைவ் மூணாம் நம்பர். வீட்டில இருக்கிற பிலிப்ஸ் பிட்டும் அதுல ஏறும், ஆனா தலையைத் தேய்ச்சுடும். சரியான பிட் ஒண்ணு வாங்கி வெச்சுக்கிட்டு, சீசன் ஆரம்பத்துல எல்லாத்தையும் ஒரு சுத்து தொட்டுப் பாருங்க.

பிரேக் விஷயத்துக்கு வர்றேன், அதுல சரியான பதில்னு ஒண்ணு இல்லை. லேசான மாடல்ல பிரேக் இருக்காது. கழண்ட ஸ்கீ நேரா பள்ளத்தாக்குக்குப் போயிடும். அதுக்குப் பதிலா கயிறு கட்டலாம். பனியாற்றுல கயிறு நல்லது, ஸ்கீ பனிப்பிளவுக்குள்ள விழாது. பனிச்சரிவு அபாயம் உள்ள சரிவுல அதே கயிறு கெட்டது, ஸ்கீயை உங்களோடயே கட்டி வெக்குது. குறிப்பிட்ட பலத்துல அறுந்து போற மாதிரி செஞ்ச கயிறுகள் இருக்கு. நான் அதைத்தான் சொல்வேன், அதுவும் இடம் பார்த்து மாட்டிக் கழட்டணும்.

இதெல்லாம் எங்கே உரைக்கும்னா, ஷாமோனியிலிருந்து ஸெர்மாட் வரைக்கும் போற ஓட் ரூட் மாதிரி பாதையில. கடைசி நாள் விக்னெட் குடிலிலிருந்து கிளம்பினா மூணு கணவாய் தாண்டணும்: லெவெக், மோன் புரூலே, வல்பெலின். ஏறத்தாழ 30 கிலோமீட்டர், பெரும்பகுதி பனியாறு. காலையில கிளம்பறதுக்கு முன்னாடி ஏதாவது பழுது தெரிஞ்சா அரோலா கிராமத்துக்கு இறங்கிடலாம். ரெண்டாவது கணவாய்க்கு அப்புறம் தெரிஞ்சா, ஒரு காலில் ஸ்கீ இல்லாம ஆழமான பனியில இறங்கணும், பனிப்பிளவு எங்கே மறைஞ்சிருக்குன்னு தெரியாம. அதனால பைண்டிங்கைக் குடில் வாசல்ல சோதிக்கிறதைவிட, முந்தின நாள் ராத்திரி சோதிக்கிறது மேல். பையில எடுத்துட்டுப் போறது: சரியான பிட், ரெண்டு மூணு உபரித் திருகு, ரெண்டு குழல் எபாக்ஸி, கொஞ்சம் இரும்புக் கம்பளி, மெல்லிய கம்பி, ரெண்டு மூணு ரப்பர் ஸ்ட்ராப். திருகு பிடுங்கிக்கிட்டு வந்தா துளைக்குள்ள இரும்புக் கம்பளியும் எபாக்ஸியும் திணிச்சுத் திருகினா வீடு வந்து சேர அது போதும். எபாக்ஸி குளிர்ல இறுகாது, அதனால குடில்ல அடுப்புப் பக்கத்துல செய்யணும். வழியில நடந்தா ஸ்ட்ராப்தான் கதி. ஸ்ட்ராப்பால கட்டின பூட் விழுந்தாலும் விடாது, ஞாபகம் இருக்கட்டும். மெதுவா, அகலமா திரும்பி இறங்குங்க.

கடைசியா, ஒரு நேயர் கேள்வி. குல்மார்க் போறார், எடை குறைஞ்ச பைண்டிங் வாங்கலாமான்னு கேட்டிருக்கார். வேண்டாம். அங்கே கோண்டோலாவே அஃபர்வத் பக்கம் 3900 மீட்டருக்கு மேல கொண்டு போய் விட்டுடுது. நீங்க ஏறப் போறது கொஞ்சம், சறுக்கப் போறது நிறைய. பின்னால ஏற்றி, முன்னால ஆல்பைன் மாதிரி கவ்வுற ஹைப்ரிட் வகை ஒண்ணு வாங்குங்க. எடை கூடத்தான் இருக்கும், இருந்துட்டுப் போகட்டும். பிரேக் இருக்கும், சான்று இருக்கும், மேடு தட்டினா தாங்கும். அடுத்த வருஷம் நாலு நாள் குடில் குடிலா நடந்து போறதா திட்டம் இருந்தா, அப்போ திரும்ப எழுதுங்க. உங்க எடை, பூட் மாடல், எந்த மாதத்துல போறீங்க, மூணையும் சேர்த்து எழுதுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி பேசுவோம்.