சக்கரத்திற்கு வண்ணம் பூசுதல்



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்னும் ஊர்ப்பெயர்களைக் கேட்டதும் தோல் பதனிடும் தொழில்தான் நம் நினைவிற்கு வரும். தோலுக்கு அடுத்தபடியாக அத்தொழில் நாடுவது உப்பு. பச்சைத் தோல் அழுகாதிருக்க, அதன் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு வரை உப்பிடுகிறார்கள். அவ்வுப்பும் பிற இரசாயனங்களும் கலந்த கழிவுநீர் பாலாற்றுப் படுகையைக் கெடுத்த செய்தி, 1996-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நாடறிந்ததாயிற்று. நான் இன்று பேசப் புகுவது அதே உப்பு புரியும் ஒரு சிறு கேட்டைப் பற்றி. அது நிகழும் இடம் நம் வீட்டுக் காரின் சக்கரம்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் போதும். அந்நீரில் உப்புக் கரைந்திருந்தால் மின்சாரம் எளிதில் பாய்கிறது, துருவும் விரைகிறது. எனவே பலர் ஞாயிற்றுக்கிழமையன்று ஒரு டப்பாப் பெயிண்டும் தூரிகையுமாக அமர்ந்து, எஃகுச் சக்கரத்தைப் பளபளவென்று ஆக்கிவிடுகிறார்கள். சில மாதங்களில் வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. கடைக்காரர் மட்டமான பெயிண்டைக் கொடுத்துவிட்டார் என்பார்கள். பெரும்பாலும் அவர் குற்றமற்றவர்!

பள்ளியில் சவ்வூடு பரவலைப் படித்திருப்பீர்கள். பெயிண்டுப் படலமும் ஒரு மெல்லிய சவ்வே. அதனடியில் உப்புத் துகள் சிக்கியிருந்தால், வெளியேயுள்ள ஈரத்தைப் படலத்தின் வழியே உள்ளிழுத்துக்கொள்கிறது. உள்ளே நீர் சேர்ந்து படலத்தை மேலே தூக்குகிறது. அதன் கீழே துரு மறைவாக வளர்கிறது.

ஆகவே, தேய்ப்பதற்கு முன் கழுவ வேண்டும். கழுவாமல் தேய்த்தால் உப்பு துருக்குழிகளுக்குள் அழுந்திவிடும். இவ்வட்டாரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு: பல கிணறுகளில் நீரே உவர்ப்பு. கடைசியாக அலசுவதற்காவது மழைநீரையோ குடிநீரையோ கொள்க. பிறகு உப்புத்தாளால் தேய்க்கலாம். (உப்பின் கேட்டை நீக்க வரும் தாளுக்கு நம்மவர் இட்ட பெயரைப் பாருங்கள்!) தேய்த்த தூளைத் துடைத்து, தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசையைப் போக்கி, சிவப்பு ஆக்சைடு பிரைமர் ஒரு பூச்சு, அது உலர்ந்தபின் மெல்லிய பூச்சுகளாக வண்ணம். அலுமினியக் கலவைச் சக்கரத்திற்கு இந்தப் பிரைமர் பற்றாது. அதற்கெனத் தனி வகை உண்டு.

மெல்லிய பூச்சின் அருமையை ஆம்பூர்த் தொழிலாளர் நன்கறிவர். பதனிட்ட தோலின் மேல் மேற்பூச்சை அவர்கள் சிறிது சிறிதாகத் தெளிக்கிறார்கள். அங்கு மேற்பூச்சாகப் பயன்பட்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் அரக்கும், 1920-களில் அமெரிக்கக் கார்களுக்கு வந்த 'டியூகோ' வண்ணமும் ஒரே குடும்பத்தவை. இரண்டிற்கும் ஒரு பலவீனம்: காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பூசினால் வெண்மை படரும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து, காற்றின் ஈரம் அங்கே படிவதே காரணம். எனவே மழைநாள் ஆகாது. வேலூரின் உச்சி வெயிலும் ஆகாது. சுடும் இரும்பில் வண்ணம் பரவுமுன்பே உலர்ந்துவிடும். வெயில் ஏறாத காலை வேளையே தக்கது. தின்னரின் ஆவி தீப்பற்றும். திறந்தவெளியில், அடுப்பு அருகில் இல்லாத இடத்தில் வேலை செய்க.

அழகுக்காக எல்லா இடத்தையும் பூசிவிடக் கூடாது. நட்டு அமரும் குழிவுகளிலும், சக்கரம் அச்சின் முகப்போடு பொருந்தும் பகுதியிலும் தடித்த பெயிண்டு படிந்தால், ஓட்டத்தில் அது நசுங்கித் தேய, நட்டு தளரும். விரைந்தோடும் காரின் சக்கரம் கழல்வதைவிடத் துருவே மேல். அவ்விடங்களைத் தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள். தேய்க்கும்போது விரிசலைக் கண்டால் பூச்சு வேலையை அத்துடன் நிறுத்திச் சக்கரத்தையே மாற்றுங்கள். விரிசலை வண்ணம் மறைக்குமேயன்றி ஆற்றாது.

சக்கரத்தைக் கழற்றும்போது ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் கை நீட்டாதீர்கள். உறுதியான கட்டைகளைத் தாங்கலாக வையுங்கள். வண்ணம் நன்கு இறுகியபின் மாட்டி, நட்டுகளை எதிரெதிராக முறுக்குங்கள். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓடியதும், அதாவது ஆம்பூரிலிருந்து வேலூர் வந்து சேர்ந்ததும், ஸ்பானரை எடுத்து மறுபடியும் ஒரு முறை முறுக்கிப் பாருங்கள்.