குறுக்குக் குச்சி

நடுவர் அவர்களே! "புத்தகத்துல படம் இருக்கே, போதாதா?"ன்னு எதிரணி அம்மா கேட்டாங்க. அம்மா, படத்துல போட்ட சதுரம் என்னிக்காவது சாயுமா?

என் மகளுக்கு 9 வயசு. கணக்கு நோட்டில் சிவப்பு மையில் 'கவனமில்லை' என்று எழுதி வந்தது. அவ அழலைங்க. "எனக்குக் கணக்கு வராதுப்பா"ன்னா. அதுதான் எனக்குத் தாங்கலை.

வீட்டுத் துடைப்பத்தில் ஈர்க்குச்சி உருவினேன். (அதுக்கு வாங்கின திட்டு தனி!) 10 சென்டிமீட்டராக அவளே அளந்து வெட்டினாள். மூலைகளை நூலால் கட்டினோம். முக்கோணத்தைத் தள்ளினாள், உருவம் மாறவில்லை. சதுரத்தைத் தள்ளினாள், சாய்ந்தது. "நிக்க வை பார்ப்போம்" என்றேன். குறுக்கே இன்னொரு 10 சென்டிமீட்டர் குச்சி கட்டினாள். நின்றது, ஆனால் சதுரமாக இல்லை, சப்பையாக! "குறுக்குக் குச்சி பெருசா இருக்கணும்பா!" நான் சொல்லலைங்க, அவ சொன்னா. மூலையை நேராக்கி அளந்தாள். கிட்டத்தட்ட 14.

அடுத்த வாரம் பஸ்ஸில் போகும்போது, ஜன்னல் வழியே மின்சார டவரைப் பார்த்து, "அப்பா, குறுக்குக் குச்சி!"ன்னு கத்தினா. பஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சுங்க, நடுவர் அவர்களே!