பந்தைத் தட்டி ஓடும் நெடுவழி



ஓடுவது ஒரு கலை. பந்தாடுவது மற்றொரு கலை. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, கூடைப்பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே அரை மராத்தான் தூரம் முழுவதையும் ஓடிக் கடப்போர் இன்று உலகில் சிலர் உளர். மராத்தான் ஓட்டத்தைப் பந்து தட்டியவாறே முடிப்பவர்க்கென்று கின்னஸ் சாதனைத் தொகுப்பில் தனிப் பிரிவே இருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் இது வெறும் வேடிக்கை என்று தோன்றக்கூடும். ஆயினும் அதற்கான பயிற்சியைச் சற்று ஆராய்ந்து பார்த்தால், உடலுக்கும் உள்ளத்துக்கும் உகந்த செய்திகள் பல அதில் அடங்கியிருப்பது விளங்கும்.

பந்தைத் தட்டும் வழக்கம் ஒரு தடையிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கூடைப்பந்தாட்டத்தை வகுத்தார். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாகாது என்பது அவர் விதித்த விதிகளுள் ஒன்று. எதிரணியினரால் சூழப்பட்ட ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள்? பந்தைக் கீழே விட்டு, மீண்டும் தாமே எடுத்துக்கொள்ளத் தலைப்பட்டார்கள். அந்தத் தந்திரமே நாளடைவில் ஆட்டத்தின் அழகாக மலர்ந்தது. நெய்ஸ்மித்தின் மாணவரான டங்கன் பாட்டன் 1894இல் இவ்வாட்டத்தை இந்தியாவுக்குக் கொணர்ந்தார். ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி, இத்தகைய விளையாட்டுகளைக் கற்பிக்கும் ஆசிரியர்களைத் தமிழ்நாட்டுக்கு உருவாக்கித் தந்தது.

ஆனால் பந்தைக் கையால் தட்டுவது தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் மகளிர் பந்தடித்துப் பாடும் கந்துகவரி உண்டு. பெருங்கதையிலோ, யார் மிகுதியாகப் பந்தடிப்பார் என்று எண்ணிக்கை வைத்து மகளிர் போட்டியிடும் காட்சியே வருகிறது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனாதலின் மற்றொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் இச்செயலைக் குறிக்கும் ‘டிரிப்ளிங்’ என்ற சொல்லுக்குத் துளித்துளியாகச் சொட்டுதல் என்பதும் ஒரு பொருள். நாமோ ‘தட்டிச் செல்லுதல்’ என்கிறோம். பரிசைத் தட்டிச் செல்வதும் நம் வழக்கேயன்றோ!

இனிக் கணக்கைப் பார்ப்போம். அரை மராத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். அடிக்கு ஒரு மீட்டர் என்று கொண்டால் ஏறத்தாழ 21,000 அடிகள். இரண்டு அடிக்கு ஒருமுறை பந்து தரையைத் தொட்டாலும், 10,000க்கு மேற்பட்ட தட்டுகள் வேண்டும். பந்தின் எடையோ அரைக் கிலோவுக்குச் சற்று மேல். இத்தனையையும் வலக்கையே செய்யுமாயின் தோளும் மணிக்கட்டும் நோகும். உடலும் ஒருபுறம் சாயும். ஆதலால் இடக்கையைப் பழக்குவதே முதற்பாடம். நூறு தட்டு வலக்கையால், நூறு தட்டு இடக்கையால் என்று எண்ணி மாற்றுவது நலம்.

பந்தின் இயல்பையும் அறிய வேண்டும். விழவிட்ட உயரத்துக்குப் பந்து தானாக மீண்டு வராது. ஒவ்வொரு தட்டிலும் நம் கை அதற்கு வலுவூட்ட வேண்டும். மேட்டில் ஏறும்போது அது நம்மை நோக்கித் திரும்பும். பள்ளத்தில் இறங்கும்போது நம்மை விட்டு முன்னே ஓடும். ஆகவே ஏற்றத்தில் பந்தைச் சற்று முன்தள்ளியும், இறக்கத்தில் அடக்கியும் தட்டுதல் வேண்டும். மேடும் பள்ளமுமான நம் அந்தமான் சாலைகளில் இவ்வுண்மை உடனே விளங்கிவிடும்.

2024 வரை போர்ட் பிளேர் என்று வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தை அடுத்த கராச்சர்மாவில் இருந்து பேசுகிறேன். இவ்வூரில் பயில விரும்பும் இளைஞர் மூன்றை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, வெப்பமும் ஈரமும். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. நம் தீவுகளில் ஜூன் மாதத்தில் காலை ஐந்து மணிக்கு முன்பே கதிரவன் எழுந்துவிடுகிறான். அந்த இளங்காலைப் பொழுதே பயிற்சிக்கு உரியது. தண்ணீர் உடன் இருக்கட்டும். தலைசுற்றலோ குமட்டலோ தோன்றினால் அக்கணமே நிறுத்தி நிழலை நாடுக.

இரண்டாவது, மழை. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் இறுதிப் போட்டி திறந்தவெளி மண் ஆடுகளத்தில் கொட்டும் மழையில் நடந்தது. சேற்றில் பந்து எழும்பவே இல்லை. அமெரிக்கா கனடாவை வென்ற கணக்கு 19க்கு 8 தான். ஆண்டில் பெரும்பகுதி மழை காணும் நமக்கு இது நல்ல படிப்பினை. மழை நாளில் பந்தை வைத்துவிட்டு வெறுமனே ஓடுக. அல்லது கூரையின்கீழ் நின்றவாறே தட்டிப் பழகுக.

மூன்றாவது, வாகனங்கள். கை தவறிய பந்தைத் துரத்துபவன் சாலையைப் பார்ப்பதில்லை. ஒரு பந்துக்காக உயிரைப் பணயம் வைத்தல் ஆகாது. நெடுஞ்சாலையை விட்டு மைதானத்துக்குச் செல்லுங்கள். கூடைப்பந்து ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். ஒரு சுற்று 86 மீட்டர். 245 சுற்றும், மேலும் ஏறத்தாழ ஒரு நீளப் பக்கமும் ஓடினால் அரை மராத்தான் நிறைவுறும். சில சுற்றுகளுக்கு ஒருமுறை திசையை மாற்றிக்கொண்டால் ஒரே காலுக்குப் பாரம் மிகாது.

பயிற்சியைப் படிப்படியாகவே வளர்க்க வேண்டும். பந்தின்றிப் பத்துக் கிலோமீட்டர் இளைப்பின்றி ஓடும் வன்மை முதலில் வரட்டும். பின்னர் ஓட்டத்தின் கடைசி ஒரு கிலோமீட்டரில் மட்டும் பந்தைச் சேர்க்கலாம். வாரந்தோறும் அதைச் சிறிது நீட்டலாம். வாரத்தில் ஓரிரு நாள் முழு ஓய்வு இன்றியமையாதது. பந்தைப் பாராமல் தட்டப் பழகிய பிறகே நெடுந்தூரத்தில் இறங்குக. கண் வழியில் இருக்க, கை தன் கடமையைத் தானே செய்யும் நிலை வரவேண்டும்.

இப்பயிற்சியால் மிகுந்த வேகம் வாய்க்கும் என்று நான் சொல்லவில்லை. பந்தின்றி ஓடுபவனே விரைந்து செல்வான். இதன் பயன் வேறு. அவசரப்பட்டால் பந்து நழுவும். சோம்பினால் பந்து அடங்கிவிடும். கவனம் சிதறினால் அப்போதே தெரிந்துவிடும். நாள்தோறும் எட்டு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து கோப்புகளைப் புரட்டும் என்போன்றோருக்கும், தேர்வுக்குப் படித்துக் களைத்த மாணவருக்கும், பல நினைவுகளை விட்டு ஒன்றில் நிற்கக் கற்பிக்கும் ஆசான் இது. பெரும்பொருள் வேண்டுவதில்லை, ஒரு பந்தும், சமமான தரையும், விடாமுயற்சியும் போதும்.

பத்தாயிரம் தட்டுகள் என்றால் மலைப்பாக இருக்கும். ஆனால் எவரும் பத்தாயிரத்தை ஒருங்கே தட்டுவதில்லை, ஒவ்வொன்றாகவே தட்டுகிறோம். நாளைக் காலை முதல் நூற்றைத் தொடங்குங்கள்.