இடது தோளில் ஒரு தழும்பு



கித்துல்கல தோட்டங்களில் பிறந்து, இன்று கொழும்பிலும் கடல் கடந்தும் வாழும் நம்மிற் பலருக்கு ஒரு பொது அடையாளம் உண்டு. அது இடது தோளிலுள்ள பீ.சீ.ஜீ. தழும்பு. இலங்கையில் இத்தடுப்பூசி 1949இல் அறிமுகமானது. இன்று பிறந்த குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வருமுன்பே அதைப் போட்டுவிடுகிறார்கள். காசநோய்க்கு எதிராக அது நமக்கு எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்பதையே இங்கு பேச விரும்புகிறோம்.

பிரான்ஸில் கல்மெத், கெரன் என்னும் இருவர் 1908 முதல் 1921 வரை மாட்டுக் காசநோய்ப் பற்றீரியாவைத் திரும்பத் திரும்ப வளர்த்து, வலுவிழக்கச் செய்து உருவாக்கிய தடுப்பூசி இது. உயிருள்ள அந்தக் கிருமி தோலுக்குள் சென்றதும், காவற் கலங்கள் சில அதை விழுங்கி, அதன் துண்டுகளை அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் செல்கின்றன. அங்கே ‘ரீ கலங்கள்’ எதிரியை அடையாளம் கண்டு பெருகுகின்றன. சில, நினைவுக் கலங்களாகத் தங்குகின்றன. பின்னர் உண்மையான கிருமி நுழைந்தால், அவை இன்டர்பெரோன் காமா என்ற பதார்த்தத்தைச் சுரந்து, கிருமியை விழுங்கிய கலங்களுக்கு அதைக் கொல்லும் வலுவைக் கொடுக்கின்றன.

இந்த நினைவு, குழந்தைப் பருவத்தில் மூளையையும் உடல் முழுவதையும் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து காக்கிறது. ஆனால் ஆண்டுகள் செல்ல அது மங்குகிறது. வளர்ந்த பின் போட்டாலும் பலன் நிச்சயமில்லை. நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டில், செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பேராய்வில் சுமார் 2,60,000 பேர் பங்குபற்றினர். வளர்ந்தோருக்கு நுரையீரற் காசநோயிலிருந்து இந்த ஊசி பாதுகாப்பளிக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் வாழும் இனக் கிருமிகளோடு அவர்களின் உடல் முன்னரே பழகிவிட்டது ஒரு காரணமாகலாம் என்பர். பெரியவர்களுக்கான புதிய தடுப்பூசி ஒன்றின் இறுதிக்கட்டப் பரிசோதனை 2024இல் தென்னாபிரிக்காவில் ஆரம்பமாகியுள்ளது.

அதுவரை, தழும்பு இருக்கிறதே என்று நாம் சும்மா இருக்கலாகாது. லயத்துக் காம்பராவில் ஒருவர் இருமினால் அந்தக் காற்றையே வீட்டார் அனைவரும் சுவாசிக்கின்றனர். ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது, சம்பளத்தையும் மழையையும் விசாரிக்கும் நாம், அம்மாவின் இருமலையும் விசாரிப்போம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவோம். அரச மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். பொதுவாக ஆறு மாதம் மருந்தைத் தவறாமல் எடுத்தால் குணமாகும். மறைக்க வேண்டிய நோயல்ல இது, மறைத்தால்தான் பரவும்.